ஒரு மருத்துவச்சியின் நாட்குறிப்பு
முன்னோர் ஏடுகளைப் படிக்கும் முறை பற்றி ஒரு பாடம்

நாட்குறிப்பு என்பது அன்றன்று நிகழ்ந்தவற்றை அன்றன்றே எழுதி வைக்கும் ஏடாகும். வாழ்க்கை வரலாறு அத்தகையது அன்று. வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தபின், பின்னோக்கிப் பார்த்து, வேண்டியதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளி எழுதப்படுவது அது. நாட்குறிப்பு எழுதுபவருக்கோ நாளை நடக்கப்போவது தெரியாது. எது பெரிது, எது சிறிது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு வழியும் இல்லை. ஆகவே மழை பெய்ததும், பசு ஈன்றதும், மகனுக்கு மணம் முடிந்ததும் ஒரே அளவான வரிகளில் அடுத்தடுத்து நிற்கும். முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விரும்புவோர்க்கு இந்த ஒழுங்கின்மையே பெரும் பேறாகும்.

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை. டூப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை தினப்படி சேதிக் குறிப்பு எழுதினார். வழித்தோன்றல்களின் வீட்டில் கிடந்த அந்த ஏடுகள் 1846இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கண்ணில் பட்டதனால் உலகம் அறிய வந்தன. போரும் வாணிகமும் அரசியலும் நிறைந்த அவ்வேடுகளை வரலாற்றாசிரியர்கள் போற்றியதில் வியப்பில்லை. அவர் ஆளுநர் மாளிகை வாயிலில் நின்றவர். ஆனால் வீட்டையும் அண்டை அயலையும் தவிரப் பெரிய இடம் எதனையும் அறியாத ஒரு பெண்மணி நாட்குறிப்பு எழுதியிருந்தால் அதற்கு என்ன மதிப்பு? இவ்வினாவுக்கு விடையாக அமெரிக்க நாட்டில் ஒரு நாட்குறிப்பு உள்ளது. முதலில் அதனைச் சற்று விரிவாகக் காண்போம். பின்னர் அதே முறையை நம் இல்லங்களிலுள்ள பழைய ஏடுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

அதனை எழுதியவர் பெயர் மார்த்தா பாலர்டு. 1735இல் மாசசூசெட்ஸ் பகுதியில் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தவர். கணவர் எப்ரெய்ம் நில அளவையாளர். மரம் அறுக்கும் ஆலையும் நடத்தியவர். பிள்ளைகள் ஒன்பதின்மர். 1777இல் மார்த்தா வடக்கே கென்னபெக் ஆற்றங்கரையிலுள்ள ஹாலோவெல் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அவர்கள் வாழ்ந்த பகுதி 1797இல் அகஸ்டா என்னும் தனி ஊராயிற்று. இன்று அது மெய்ன் மாநிலத்தின் தலைநகரம். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். மனிதர் அதன்மேல் நடந்தே அக்கரை செல்வர். இளவேனிலில் பனிக்கட்டி உடைந்து ஓடும்போது நடக்கவும் இயலாது, படகு விடவும் இயலாது. அத்தகைய ஊரில், இரவென்றும் பகலென்றும் பாராமல் அழைத்த வீட்டிற்கெல்லாம் சென்று பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி அவர். 1789 ஏப்ரலில் ஒரு நாள் பெருமழையில் அவ்வாறு செல்கையில், அவருக்கு முன்னே பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்தது. குதிரை மிரண்டு பின்வாங்கியதனால் உயிர் தப்பினார். அதனையும் சில வரிகளில் எழுதிவிட்டு, பிறந்த குழந்தையைப் பற்றி எழுதச் சென்றுவிடுகிறார்!

1785 ஜனவரி முதல் நாள் தொடங்கிய குறிப்பு 1812 மே 7 வரை செல்கிறது. இருபத்தேழு ஆண்டுகள், 9,965 நாள்களுக்கான பதிவுகள், 816 பிரசவங்கள். சராசரியாக ஆண்டுக்கு முப்பது. தாளை மடித்துச் சிற்றேடாக்கி, இறகுப் பேனாவால் எழுதினார். ஒவ்வொரு நாளும் வானிலை, தாம் இருந்த இடம், வந்தவர் போனவர், செய்த வேலை, பெற்ற கூலி ஆகியவை வரும். பிரசவத்திற்கு வழக்கமான கூலி 6 ஷில்லிங். காசாகக் கிடைப்பது எப்போதும் இல்லை. தேயிலையாகவும் சர்க்கரையாகவும் துணியாகவும் வரும். வந்ததும் கணக்கில் அடையாளம் இட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அழகிய வருணனை, ஆழ்ந்த தத்துவம் எதுவும் அதில் இல்லை.

1812இல் தம் 77ஆம் வயதில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை பிரசவம் பார்த்தார். அவர் மறைந்தபோது செய்தித்தாளில் வந்தது ஒரே வாக்கியம். இன்னாருடைய மனைவி, இன்ன வயது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மருத்துவச்சி என்ற சொல்கூட இடம்பெறவில்லை.

நாட்குறிப்பு மட்டும் குடும்பத்தில் தங்கியது. மகள் டாலி அதனை வைத்திருந்தார். டாலிக்குப்பின் அவருடைய பெண்மக்கள் வைத்திருந்தனர். அகஸ்டா நகரின் வரலாற்றை 1870இல் வெளியிட்ட ஜேம்ஸ் நார்த் என்பவர் அதனைப் பார்த்திருக்கிறார். சில பகுதிகளை எடுத்தும் ஆண்டிருக்கிறார். ஆயினும் பதிவுகள் சுருக்கமானவை, சில நீங்கலாகப் பொதுவாசகரின் கவனத்துக்கு உரியவை அல்ல என்பதே அவருடைய தீர்ப்பு. அக்காலத்தில் வரலாறு என்றால் ஆலை கட்டியவர், பாலம் அமைத்தவர், நீதிபதியாக இருந்தவர் ஆகியோருடைய வரலாறுதானே!

1884இல் அந்த ஏடுகள் மேரி ஹோபார்ட் என்னும் இளம் பெண்ணின் கைக்கு வந்தன. மார்த்தாவுக்கு அவர் எள்ளுப்பேத்தி. அதே ஆண்டில்தான் மேரி மருத்துவப் படிப்பை முடித்திருந்தார். பெண்கள் மருத்துவராவது உலகத்தில் இல்லாத புதுமை என்று பேசப்பட்ட காலம் அது. அந்நிலையில், நூறாண்டுகளுக்கு முன்னரே தம் குலத்து மூதாட்டி ஒருவர் ஓர் ஊர் முழுவதற்கும் பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறார் என்பதனை அவருடைய கையெழுத்திலேயே படித்த மேரியின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். (நம் சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் பெற்றது 1912இல், மார்த்தா மறைந்து சரியாக நூறாண்டு கழித்து.) மற்றோர் உறவினர் தாள்களை நாள்வாரியாக அடுக்கி, வீட்டில் நெய்த துணியால் அட்டையிட்டு, இரண்டு பருத்த தொகுதிகளாக்கியிருந்தார். மேரி அவற்றைப் பல்லாண்டுகள் காத்து, 1930இல் மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடையாக அளித்தார்.

லாரல் தாட்சர் அல்ரிக் என்னும் வரலாற்றுப் பேராசிரியை அந்த ஏடுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். 1991இல் அந்நூலுக்கு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. கவனத்துக்கு உரியவை அல்ல என்று ஒருவர் ஒதுக்கிய வரிகளிலிருந்தே மற்றொருவர் அந்நூலை ஆக்கினார் என்பதுதான் நாம் கருத வேண்டியது. ஏடு மாறவில்லை; படித்த முறை மாறியது. அந்த முறை என்ன என்பதே இன்றைய பாடம்.

முதலாவது எண்ணுதல். ஆசிரியப் பயிற்சிக்கு வரும் மாணவியரிடம், ஒரு குழந்தையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன் ஒரு வாரம் அது செய்வதை எண்ணிக் குறித்து வா என்று நான் சொல்வதுண்டு. ஏட்டுக்கும் அதுவே பொருந்தும். 1787 ஆகஸ்டு 3 முதல் 24 வரை மூன்று வாரப் பதிவுகளை அல்ரிக் எடுத்துக்கொள்கிறார். தனித்தனியே படித்தால் இன்னார் வீட்டுக்குப் போனேன், இன்னார் நோயுற்றிருக்கிறார் என்னும் வறண்ட வரிகள். எண்ணிப் பார்த்தால் நான்கு பிரசவங்கள். வலி என்று அழைத்து, வலி இல்லாமற் போன ஓர் அழைப்பு. நோயாளிகளைக் காணச் சென்றது பதினாறு முறை. இறந்தோர் உடலை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தது மூன்று முறை. இவற்றுக்கிடையே ஒருவருக்கு மாத்திரை, மற்றொருவருக்கு மூலிகை, தம் கணவரின் தொண்டை வலிக்கு மருந்து. மருத்துவர், செவிலி, மருந்து செய்பவர், இறுதிப்பணி செய்பவர் என்று இன்று நாம் தனித்தனியே பிரித்து வைத்திருக்கும் தொழில்கள் அனைத்தும் ஒரே பெண்மணியின் மூன்று வாரத்தில் அடங்கியிருக்கின்றன. தோட்டத்து வேலையும் வீட்டு வேலையும் வேறு.

இரண்டாவது, ஏட்டிலுள்ள செய்தியை வேறோரிடத்திலுள்ள செய்தியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தல். அதே ஆகஸ்டில் ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டைப்புண்ணோடு கூடிய கொடிய காய்ச்சல் பரவியிருந்தது. ஒரு வீட்டில் சிறுவன் இறந்துபோகிறான். அவன் தாய்க்கோ பேறுகாலம் நெருங்கிவிட்டது. இன்னும் மூன்று பிள்ளைகள் படுக்கையில் கிடக்கின்றன. பொதுவாக உணர்ச்சியை எழுதாத மார்த்தா, அன்று மட்டும் அந்தத் தாயின் நிலையை எண்ணி இரங்கி ஒரு வரி எழுதுகிறார். ஏன் அன்று மட்டும்? ஏட்டில் விடை இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், அவர் பிறந்த ஊரின் பதிவுகளில் இருக்கிறது. 1769ஆம் ஆண்டு ஜூன் 17க்கும் ஜூலை 5க்கும் இடையில் மார்த்தாவின் மூன்று பெண்குழந்தைகள் தொண்டை அடைப்பான் நோயில் அடுத்தடுத்து இறந்தனர். அப்போது அவர் நிறைகர்ப்பிணி. ஆகஸ்டு 6இல் ஹன்னா பிறந்தாள். அந்த வீட்டுப் படுக்கையருகே நின்றபோது அவர் எதை நினைத்திருப்பார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதோடு ஆராய்ச்சியாளர் நிறுத்திக்கொள்கிறார். அதுவே முறை. முன்னோர் எழுதாத சொல்லை அவர் வாயில் நாம் இடலாகாது.

மூன்றாவது, ஒரு பொருளையோ ஒரு பெயரையோ பிடித்துக்கொண்டு பல ஆண்டுப் பக்கங்களினூடே நடத்தல். அல்ரிக் அவ்வாறு நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பருத்தியும் சணலும் கம்பளியும் நூற்கும் நூலைத்தான் சொல்கிறேன். ஒருத்தி நூற்பாள், ஒருத்தி பாவு ஓட்டித் தருவாள், மற்றொருத்தி நெய்வாள். கூலியைக் காசாக அல்லாமல் பொருளாகவோ மாற்று வேலையாகவோ தீர்த்துக்கொள்வர். ஊரின் வரிப் பதிவேடுகளிலும் ஆண்களின் கணக்கேடுகளிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் காணப்படாது. அவற்றை மட்டும் படித்தவர் அவ்வூர்ப் பெண்கள் ஒன்றும் ஈட்டவில்லை என்றே முடிவு செய்வார். மார்த்தாவின் ஏடு இருந்ததனால்தான், ஆண்களின் வாணிகத்துக்கு அருகில் பெண்களின் வாணிகம் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது தெரிய வந்தது.

மணவினை பற்றியும் இவ்வாறே. 1792 அக்டோபரில் ஹன்னாவுக்கு மணம் நடந்தது. மணமான பெண் அன்றே கணவன் வீடு செல்லவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தாய்வீட்டிலேயே இருக்கிறாள். மணமகன் வந்து போகிறான். அதற்கிடையே மெத்தை விரிப்புத் தைக்கிறார்கள். பாத்திரம் பண்டம் சேர்க்கிறார்கள். பிறகுதான் அவர்கள் தனியே குடும்பம் நடத்தப் போனதாக எழுதுகிறார். நம்மவர் தனிக்குடித்தனம் வைப்பது என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை! மணநாளை ஏட்டில் சில சொற்களில் முடித்துவிடும் தாய், குடித்தனம் வைத்த நாளை மறவாமல் குறிக்கிறார். அவருக்கு எது முக்கியமாகத் தோன்றியது என்பது அதிலிருந்து புலனாகிறது.

இனி, சொல்வதற்குச் சற்றுத் தயங்கக்கூடிய ஒரு பதிவு. அக்காலத்து அவ்வூர்ச் சட்டப்படி, மணமாகாத பெண் பிரசவிக்கும்போது, தந்தை யார் என்று மருத்துவச்சி அவளைக் கேட்க வேண்டும். அந்த வேதனை நேரத்தில் பெண் பொய் சொல்லமாட்டாள் என்பது நம்பிக்கை. அவள் சொல் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். 1791 அக்டோபரில் சாலி என்னும் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கச் சென்ற மார்த்தா முறைப்படி கேட்டார். அவள் சொன்ன பெயர் ஜோனத்தான். மார்த்தாவின் சொந்த மகன். அன்றிரவு மார்த்தா அதனை ஏட்டில் எழுதினார். மற்ற எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் எவ்வாறு எழுதியிருப்பாரோ அவ்வாறே எழுதினார். நான்கு மாதம் கழித்து அவ்விருவருக்கும் மணம் நடந்தது. சாலி அவ்வீட்டு மருமகளானாள்.

இப்பக்கத்தைக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் படித்திருப்பர். யாரும் கிழிக்கவில்லை. இதனை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ஏடு ஒன்று கிடைத்தவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, தாத்தா கடன்பட்டதும் பங்காளிகளோடு வழக்காடியதும் இதில் இருக்கிறதே, இதை வைத்திருக்கலாமா என்பதுதான். வைத்திருக்க வேண்டும். வெளியார்க்குக் காட்டுவதும் காட்டாததும் குடும்பத்தாரின் விருப்பம், அழிப்பது வேறு. மார்த்தாவின் கணவரும் வரி தண்டும் பொறுப்பேற்று, செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்த முடியாமல் 1804இல் கடனுக்காகச் சிறை சென்றார். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். ஏறத்தாழ எழுபது வயது மூதாட்டி, விறகுக்கே அல்லற்பட்டு, மகன் குடும்பத்துக்கு வீட்டை விட்டுத் தாம் ஓர் அறையில் ஒதுங்கி வாழ்ந்ததெல்லாம் அந்த மாதப் பக்கங்களில் இருக்கிறது. நகர வரலாறு எழுதியவருக்கு அதில் சொல்லத்தக்கது ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் பற்றி ஒரு சொல். பிரசவம் முடிந்தபின் தாயும் சேயும் நலம் என்னும் பொருளுடைய தொடர் ஏட்டில் நூற்றுக்கணக்கான முறை வருகிறது. அலுப்பூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அலுப்பூட்டும் வரிகளை ஒன்றுவிடாமல் எண்ணியதனால்தான், அத்தனை பிரசவங்களிலும் பேற்றுக்குப் பிந்திய நாள்களில் இறந்த தாய்மார் ஐவரே என்று சொல்ல முடிந்தது. அதே காலத்து லண்டன், டப்ளின் பேறுகால மருத்துவமனைகளில் தாய்மார் இறப்பு இதைவிடப் பன்மடங்கு மிகுதி. கல்லூரி வாசல் மிதியாத ஒரு மருத்துவச்சியின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் ஊர்களிலும் இத்தகைய கைராசிக்கார மருத்துவச்சிகள் இருந்தனர். அவர்களுக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. அவர்கள் கணக்கு அவர்களோடு போயிற்று.

இனி நம் வீட்டு ஏடுகளுக்கு வருவோம். எங்கள் வீட்டில் யாரும் நாட்குறிப்பு எழுதவில்லையே என்று வாசகர் கூறலாம். நாட்குறிப்பு என்ற பெயர் எழுதிய ஏடுதான் வேண்டும் என்பதில்லை. நெல் அளந்த கணக்கு, கூலி கொடுத்த கணக்கு, கலியாணச் செலவும் மொய்யும் எழுதிய நோட்டு, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பிறந்த நேரம் குறித்தது, மருந்து முறை எழுதிய தாள் ஆகிய எல்லாமே நாட்குறிப்பின் உறவுகள். நம்மவரிடையே சாஸ்திர தானம் சிறப்பாகப் போற்றப்படுவதால் ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் பல இல்லங்களில் இருந்தன. அவற்றில் நூலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இறுதி ஏட்டில், எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்த ஆண்டில் எந்த நாளில் முடித்தார் என்ற குறிப்பு இருக்கக்கூடும். அந்த ஒரு வரி உங்கள் குடும்பத்தின் வரலாறு.

ஆண்டைக் கண்டறிவதில்தான் பலர் தடுமாறுவர். ஆனந்தரங்கம் பிள்ளை தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதினார். நம் பாட்டன்மார் அவ்வாறு எழுதுவது அரிது. ‘பராபவ வருடம் ஆடி மாதம் 3ந்தேதி’ என்று மட்டும் இருக்கும். வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒரு முறை சுற்றி வருவதால் பராபவ என்பது 1906–07ஆகவும் இருக்கலாம், 1966–67ஆகவும் இருக்கலாம். எதுவென்று எவ்வாறு துணிவது? அதே பக்கத்தில் பணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரூபாய், அணா, பை என மூன்று பத்திகளாக இருந்தால் அது பழைய நாணயக் கணக்கு; ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு பைசா என்னும் முறை வந்துவிட்டது. பேச்சில் நாலணா, எட்டணா நெடுங்காலம் நிலைத்தாலும் பை என்னும் பிரிவு கணக்கிலிருந்து மறைந்தது. ஆகவே பை காணப்பட்டால் 1906 என்று கொள்ளலாம். கிழமையும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

எழுத்தைப் பற்றியும் சிறிது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை வேறு வடிவில் எழுதப்பட்டன என்பது மூத்தவர்களுக்குத் தெரியும்; பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓலையிலோ புள்ளி இடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். கால், அரை, வீசம் போன்ற பின்னங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. படி, மரக்கால், கலம் முதலிய அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபடும்; ஆகவே அவற்றைக் கிலோவாக மாற்றி எழுத அவசரப்பட வேண்டாம். ஏட்டில் உள்ளவாறே படியெடுங்கள். விளங்காத சொல்லை விளங்காத சொல்லாகவே எழுதி, அருகில் வினாக்குறி இடுங்கள். பிழை என்று தோன்றுவதையும் திருத்தாதீர்கள். அது பிழையா, அவ்வூர் வழக்கா என்பது பத்துப் பக்கம் சென்றபின் தெரியும்.

ஏட்டைக் காப்பதில் சில எச்சரிக்கைகள். கிழிந்த தாளைப் பசைநாடா கொண்டு ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது தாளையும் எழுத்தையும் கறையாக்கிவிடும். நெகிழி உறையிட்டு ஒட்டும் லேமினேஷன் அதைவிடத் தீது. பின்னர் பிரிக்கவே முடியாது. பக்க எண் இட வேண்டுமானால் மெல்லிய பென்சிலால் இடுங்கள். வெயிலில் உலர்த்தாமல் நிழலில் காற்றாட வைத்து, கைப்பேசியினால் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பலாம். மூல ஏடு ஓரிடத்தில் இருக்கட்டும். பாகப்பிரிவினையில் நோட்டின் முற்பாதி அண்ணனுக்கும் பிற்பாதி தம்பிக்கும் போவது கேலிக்குச் சொல்வதன்று, நடப்பதுதான். வீட்டில் வைத்துக் காக்க இயலாதவர்கள் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

சுருத பஞ்சமியன்று சாஸ்திரங்களை எடுத்துத் துடைத்து வைத்துப் பூசிப்பது நம் வழக்கம். அன்று பரணில் கிடக்கும் கணக்கு நோட்டுகளையும் கீழே இறக்கலாம். பிள்ளைகளும் வீட்டில் இருந்தால் கீழ்வரும் பயிற்சியை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஏதேனும் ஒரு மாதத்துப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்க. ஒரு தாளில் நான்கு பத்தி வரைந்து நாள், ஆள், பொருள், தொகை எனத் தலைப்பிட்டு, ஏட்டிலுள்ளதை அப்படியே நிரப்புக. நிரப்பியபின் எண்ணுக: எத்தனை ஆண் பெயர்கள்? எத்தனை பெண் பெயர்கள்? பெயரில்லாமல் ‘இன்னார் பெண்சாதி’, ‘இன்னார் தாயார்’ என்று வருவோர் எத்தனை பேர்? நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது, ஆண்களுக்கு என்ன? அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் காய்கறிச் செலவு மற்ற நாள்களைப் போல் இருக்கிறதா? பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீட்டில் விளக்குக்கு மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்கினர்? ஒரு பெயரை மட்டும் தேர்ந்து, அது முதலில் வரும் பக்கத்திலிருந்து இறுதியாக வரும் பக்கம் வரை தொடர்ந்து செல்க. அப்பெயர் எந்த நாளோடு நின்றுவிடுகிறது என்பதையும், அதையடுத்த நாள்களில் என்ன செலவு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்க. பின்னர் வீட்டிலுள்ள மூத்தவரிடம் தாளைக் காட்டி, அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே, அன்றைய தேதியிட்டு, தாளின் பின்புறத்தில் எழுதுக.